முதல் வெற்றிக்கு மறுநாள்



இங்கிலாந்து நாட்டின் பாப் இசைக்குழு ஒன்றைப் பற்றி மதரஸா ஆசிரியர் எழுதப் புகுவது வாசகர்களுள் சிலருக்கு வியப்பையும் சிலருக்கு வருத்தத்தையும் தரக்கூடும். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இசைக்கருவிகள் குறித்து நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்கள் கொண்ட கருத்தையே நாமும் கொண்டிருக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதையே கற்பிக்கிறோம். எந்தப் பாடலையும் கேட்குமாறு எவரையும் இங்கே நாம் தூண்டவில்லை. ஒரு பாடல் பெருவெற்றி பெற்ற பிறகு அதைச் செய்தவர்களின் நிலை என்ன ஆயிற்று என்பதையே எழுத விரும்புகிறோம். அக்கதையை நமக்குச் சொன்னவன் நம் காக்காவின் மகன். அவன் சொன்ன வேளை, நமக்கு அது மிகவும் தேவைப்பட்ட வேளையாக இருந்தது.

சென்ற ரமலானின் 27-ஆம் இரவில் தராவீஹுக்குப் பின் நாம் செய்த பயானை அவன் தன் கைபேசியில் பதிவு செய்திருந்தான். ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் அவனுடைய தொழில். முதிய பெற்றோரைத் தனியே விட்டுவிட்டு உம்ராவுக்கு மேல் உம்ரா செய்யும் பிள்ளைகளைப் பற்றிய பேச்சு அது. பேசிக்கொண்டிருக்கையில் நம் வாப்பாவின் கடைசி நாட்கள் நினைவுக்கு வந்து குரல் அடைத்துவிட்டது. சில விநாடிகள் பேச இயலவில்லை. அந்த ஏழு நிமிடப் பகுதியை அவன் தனியே வெட்டியெடுத்துக் குடும்பத்தாரின் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். பெருநாளுக்குள் அது சிங்கப்பூரிலிருந்தும் குவைத்திலிருந்தும் நம்மிடமே திரும்பி வந்தது. அனுப்பியவர்களுள் சிலர், அதில் பேசுபவர் நாம்தான் என்பதைக் கவனியாமலே, ‘அவசியம் கேட்டுப் பயன்பெறவும்’ என்று நமக்கே எழுதியிருந்தனர்.

அல்ஹம்துலில்லாஹ் என்று நாவு சொல்லிற்று. உள்ளம் வேறு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஷவ்வாலின் முதல் ஜும்ஆவுக்குப் பக்கத்து ஊர்களிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். நாம் நான்கு நாட்கள் முயன்று தயாரித்திருந்தோம். அதே பொருள், அதே ஏற்ற இறக்கம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதுகூடக் குறிப்பில் இருந்தது. அந்த இடம் வந்தபோது குரல் தானாக அடைபடவில்லை, நாம் அடைத்தோம். மிம்பரில் நின்றுகொண்டே அதை உணர்ந்தோம். முன்வரிசையில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டனர், மரியாதையினால். மூன்றாம் தூணருகே வழக்கமாக அமரும் தையற்கடைப் பெரியவர் தொழுகை முடிந்து முஸாபஹா செய்கையில், “ஹஜ்ரத், உடம்புக்கு ஒன்றுமில்லையே?” என்று மட்டும் கேட்டார்.

அன்று மாலை காக்கா மகன் வீட்டுக்கு வந்தான். கைபேசியை மேசைமீது கவிழ்த்து வைத்துவிட்டு, “சாச்சா, இன்றைய பதிவைப் போட வேண்டாம்” என்றான். காரணத்தை நாம் கேட்கவில்லை. தேநீர் அருந்தியபடியே அவன்தான் பேச்சை வேறு பக்கம் திருப்பினான். அல்லது திருப்புவதுபோல் காட்டினான்.

1970-களின் இறுதியில் பிரிட்டனில் ‘நியூ வேவ்’ என்றழைக்கப்பட்ட ஓர் இசையலை எழுந்தது. அதற்குச் சற்று முன்னர் எழுந்த ‘பங்க்’ இசையின் ஆவேசம் தணிந்த பிறகு, மின்னணு இசைக்கருவிகளையும் ஒலிப்பதிவுக்கூடத்தின் நுட்பங்களையும் கொண்டு இளைஞர் பலர் புதிதாக எதையேனும் செய்து பார்த்த காலம் அது. அவர்களுள் ட்ரெவர் ஹார்ன், ஜெஃப் டவுன்ஸ் ஆகிய இருவர் ‘தி பகிள்ஸ்’ என்ற பெயரில் இணைந்தனர். மற்றவர்களின் பாடல்களுக்கு வாசித்தும், விளம்பர இசைகள் செய்தும் பிழைத்துவந்தவர்கள். மேடைப் புகழ் எதுவும் இல்லாதவர்கள். புரூஸ் வூலி என்ற நண்பருடன் சேர்ந்து அவர்கள் எழுதிய ‘வீடியோ கில்டு த ரேடியோ ஸ்டார்’ என்னும் பாடல் 1979 செப்டம்பரில் வெளியாயிற்று. வானொலிக் காலத்தில் குரலால் வென்ற ஒருவரைக் காட்சியூடகம் வந்து ஓரங்கட்டிவிட்டதைப் பற்றியது அது. பாடுபவரின் குரல் பழைய வானொலிப் பெட்டியிலிருந்து வருவதுபோல் மெலிந்து ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒலிப்பதிவுக்கூடத்தில் அவர்கள் பட்ட பாட்டைக் காக்கா மகன் விவரித்தபோது அவன் கண்கள் மின்னின. ஒரே பாட்டுக்கு மாதக்கணக்கில் உழைத்தார்களாம்.

அக்டோபரில் அப்பாடல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை எட்டிற்று. அங்கே அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம். ஆனால் வேறு பல நாடுகளிலும் அது முதலிடம் பெற்றது. இரண்டாண்டுகள் கழித்து, 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி தொடங்கியபோது, முதன்முதலில் ஒளிபரப்பப்பட்டது இப்பாடலின் காட்சிதான்.

“மெட்டு எப்படியிருக்கும்?” என்று நாம் கேட்டுவிட்டோம். கேட்டிருக்க வேண்டியதில்லை. அவன் காதுக்கருவியை நீட்டாமல் வாயாலேயே முனகிக் காட்டினான். சிறுவயதில் தேநீர்க்கடை வானொலிகளில் நம் காதில் விழுந்த ஓர் இந்திப் பாட்டு உடனே நினைவுக்கு வந்தது. 1982-இல் வந்த ‘டிஸ்கோ டான்சர்’ படத்துக்காகப் பப்பி லஹிரி இதே மெட்டைத் தழுவிப் பாட்டமைத்திருக்கிறார் என்று அவன் சொன்னான். லண்டனில் இருவர் செய்தது மூன்றே ஆண்டுகளில் நம் ஊர்த் தேநீர்க்கடை வரை வந்திருக்கிறது. நமது ஏழு நிமிடப் பேச்சு குவைத் போய் வந்ததை நினைத்துப் பெருமைப்பட்ட நமக்கு அது கொஞ்சம் அடக்கத்தைத் தந்தது.

“சரி, அடுத்த பாட்டு?” என்றோம்.

“அதற்குத்தான் சாச்சா இந்தக் கதையைச் சொல்ல வந்தேன்” என்றான் அவன்.

அடுத்த பாட்டு 1980 ஜனவரியில் வெளியாயிற்று. ‘லிவிங் இன் த பிளாஸ்டிக் ஏஜ்’ என்பது பெயர். முதல் பாட்டு வந்து நான்கு மாதங்கள். முதலிடம் பெற்று மூன்று மாதங்கள். பிரிட்டனின் பட்டியலில் அது 16-ஆம் இடம்வரை சென்று நின்றுவிட்டது. மூன்றாவதாக வெளியிட்ட ‘கிளீன், கிளீன்’ 38-ஆம் இடம். நான்காவது ‘எல்ஸ்ட்ரீ’ 55. இறங்குபடிகள்போல் இந்த எண்களை அவன் விரல்விட்டுச் சொன்னான்.

இதில் நமக்கொரு சங்கடம் இருந்தது. ஒரு நாடு முழுவதிலும் விற்கப்படும் பாடல்களுள் 16-ஆவதாக நிற்பது எப்படித் தோல்வியாகும்? அதுவே அவர்களின் முதல் பாடலாக இருந்திருந்தால் வீட்டில் இனிப்பு வழங்கியிருப்பார்கள். அதற்கு முன்னால் ஒன்று என்ற எண் வந்துவிட்டதுதான் அதன் குற்றம். நம் பிள்ளைகளின் மதிப்பெண் அட்டையையும் நாம் இப்படித்தான் படிக்கிறோம் என்பதைப் பெற்றோர்கள் அறிவார்கள். எண்பது வாங்கிய பிள்ளை தொண்ணூறு வாங்கிவிட்டால் பின்னர் எண்பதுக்கு அடி விழும்.

மறுநாள் அந்த இரண்டாம் பாட்டின் வரிகளை அவன் தாளில் அச்சிட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். பாட்டை நாம் கேட்கவில்லை; அகராதியை வைத்துக்கொண்டு வாசித்தோம். வாசித்தபோது வியப்பாக இருந்தது. தினமும் காலை ஆறு மணிக்கு இரும்பால் ஆன ஒரு நண்பன், அதாவது கடிகாரம், ஒருவனை உலுக்கி எழுப்புகிறது. எழுந்ததும் தொலைபேசிகள். ஓட்டமும் வியாபாரமும். போலியை வாங்கி அசலை விற்கும் கொடுக்கல் வாங்கல். முகத்தில் களைப்புத் தெரியாமலிருக்க மருத்துவரிடம் போய்த் தோலை இழுத்துக்கட்டச் சொல்லும் கெஞ்சல். செயற்கையான ஒரு காலத்தில் வாழ்கிறோம் என்னும் ஒப்புதல். மேலை நாட்டுப் பாப் பாடல்கள் யாவும் காதலையும் களியாட்டத்தையும் மட்டுமே பேசும் என்று எண்ணியிருந்த நமக்கு இது புதிது. நேர்வழியை விற்று வழிகேட்டை வாங்கிக்கொண்டோரின் வணிகம் இலாபம் தரவில்லை என்னும் கருத்தைச் சூரத்துல் பகராவில் ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறோம். வேதத்தின் தொடர்பில்லாத ஒருவர் தம் தொழிலையும் தம் காலத்தையும் பார்த்தே, தாம் கைமாற்றிக்கொண்டிருப்பது போலி என்று கண்டிருக்கிறார். ஆறு மணிக்கு இரும்பு நண்பன் எழுப்புகிறான். அதற்கு முன்பே எழுப்பும் அழைப்பு ஒன்று நம் தெருக்களில் ஒலிக்கிறது. கேட்டு எழுவோர் எத்தனை பேர் என்பது வேறு பேச்சு.

நமது எளிய கருத்தில், முதல் பாட்டைக் காட்டிலும் இரண்டாவது பாட்டின் பொருளே ஆழமானது. முதல் பாட்டு கடந்துபோன ஒன்றுக்காக ஏங்குகிறது. இரண்டாவது நிகழ்காலத்தின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறது. மக்கள் முதலாவதையே நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. அந்த 1980-ஆம் ஆண்டிலேயே ‘யெஸ்’ என்ற பழம்பெரும் ராக் இசைக்குழுவிலிருந்து அதன் பாடகரும் விசைப்பலகைக் கலைஞரும் விலகிவிட, அந்த இடங்களுக்குப் பகிள்ஸ் இருவருமே அழைக்கப்பட்டனர். ‘டிராமா’ என்ற இசைத்தொகுப்பு வெளிவந்தது. பிறகு பெரும் அரங்குகளில் சுற்றுப்பயணம். ஜான் ஆண்டர்சன் என்ற முந்தைய பாடகரின் உச்சக்குரலில் அமைந்த பாடல்களை, அந்தக் குரல்வளம் இல்லாத ஹார்ன் இரவுக்கு இரவு பாட வேண்டியதாயிற்று. பிரிட்டனின் அரங்குகளில் ரசிகர்களுள் சிலர் கூச்சலிட்டு அவமதித்தனர். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அக்குழு கலைந்தது. டவுன்ஸ் ‘ஏஷியா’ என்ற வேறொரு குழுவை அமைக்கப் போய்விட்டார். எம்டிவி அவர்களுடைய பாட்டோடு பிறந்த ஆகஸ்ட் மாதத்தில் அவ்விருவரும் வெவ்வேறு வழியில் நடந்துகொண்டிருந்தனர்.

பிறருடைய குரலைத் தாங்க முற்பட்டால் என்ன நேரும் என்பதை நாம் அந்த ஜும்ஆவில்தான் கற்றிருந்தோம். ஒரு வேறுபாடு: ஹார்ன் தாங்க முயன்றது வேறொருவரின் குரலை. நாம் தாங்க முயன்றது 27-ஆம் இரவின் நம் குரலையே.

பாடகராக இருந்தால் எக்காலத்திலும் இரண்டாம் தரத்தில்தான் நிற்க நேரும், பாடல்களைத் தயாரிப்பவராக ஆனால் உலகிலேயே சிறந்தவராக வரலாம் என்று அவருடைய துணைவியார் ஜில் சின்க்ளேர் எடுத்துச் சொன்னதாக ஹார்ன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். மனைவியின் இத்தகைய சொல்லைக் கேட்டு ஏற்றுக்கொள்வது ஆடவர்க்கு எளிதன்று, அவர் ஏற்றார். ஒலிவாங்கியின் முன்னிருந்து எழுந்துபோய்க் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்தார். 1982-இல் அவர் தயாரித்த ‘ஏபிசி’ குழுவின் தொகுப்பு பிரிட்டனில் முதலிடம் பெற்றது. எந்த ‘யெஸ்’ குழுவின் பாடகராக அவமானப்பட்டாரோ, அதே பெயரில் மீண்டும் கூடிய குழுவுக்கு 1983-இல் அவர் தயாரித்துக் கொடுத்த பாடல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போயிற்று. பாடியவர் அந்தப் பழைய ஆண்டர்சன்.

இன்னொன்றைச் சொல்லும்போது காக்கா மகன் சிரித்தான். 1983-இல் ‘ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட்’ என்ற குழுவின் முதல் பாடலை ஹார்ன் தயாரித்தார். அது முதலிடம் பெற்றது. அப்பாடலின் பொருள் இப்பக்கங்களில் எழுதத் தகாதது. அதை பிபிசியே ஒலிபரப்ப மறுத்தது. நாம் சொல்ல வருவது அதற்கடுத்த பாட்டைப் பற்றி. ‘டூ டிரைப்ஸ்’ என்ற அப்பாடல், அணுகுண்டுகளோடு எதிரெதிரே நின்ற இரு வல்லரசுகளைப் பற்றியது. வெளியானதும் நேராக முதலிடத்தில் நுழைந்து ஒன்பது வாரங்கள் அங்கேயே இருந்தது. தமது இரண்டாம் பாட்டை 16-க்கு மேல் உயர்த்த இயலாதவர், பிறருடைய இரண்டாம் பாட்டை ஒன்பது வாரம் உச்சியில் நிறுத்தினார்.

இக்கதையை அவன் நமக்காகவே தேர்ந்து சொன்னான் என்பது புரிந்தது. ‘நீங்கள் பேசுவதை விட்டுவிடுங்கள்’ என்கிறாயா என்று கேட்டோம். “இல்லை சாச்சா, அன்று நீங்கள் யாருக்கும் தெரிய வேண்டும் என்று பேசவில்லை. நான்தான் தெரியவைத்தேன். அதில் என் தவறும் உண்டு” என்றான். பிறர் குரலைச் செப்பனிட்டுக் கொடுத்துவிட்டுத் தன் பெயரைக்கூடப் போடாத வேலை அவனுடையது. அதைத் தொழில் என்றே நாம் அதுவரை பெரிதாக மதித்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம்.

இத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். ஒரு ஜும்ஆ பயான் சிறக்கவில்லை என்பதால் எவருக்கும் நட்டமில்லை. நட்டம் வேறிடத்தில் நடந்துகொண்டிருந்தது.

நம்மிடம் ஓதிய பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் அதற்கு முந்திய ஷஅபானில் ஹிஃப்ளை முடித்திருந்தான். அவனுடைய பெற்றோரின் சம்மதத்துடன், அடையாளம் எதுவும் சொல்லாமல் எழுதுகிறோம். அவனுக்காக நடந்த விழா ஊரறிந்தது. தலைப்பாகை கட்டினோம், ஸனது கொடுத்தோம், பதாகையில் அவன் படமும் நம் படமும் அருகருகே இருந்தன. வேன் ஓட்டிப் பிழைக்கும் அவன் வாப்பா கடன்பட்டுப் பிரியாணி ஆக்கினார். தோளில் கை போட்டு எடுத்த அந்தப் புகைப்படத்தை நாம் நம் அறையில் மாட்டியிருந்தோம். அதுவும் ஒரு முதலிடந்தான்.

குர்ஆனை மனனம் செய்தவரின் நிலை, கட்டப்பட்ட ஒட்டகங்களை உடையவரின் நிலையைப் போன்றது. கவனித்துவந்தால் அவை இருக்கும், விட்டுவிட்டால் போய்விடும் என்னும் கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. இதை நாம் ஒவ்வோராண்டும் விழா மேடையில் சொல்கிறோம். அவ்விழாவிலும் சொன்னோம். சொல்லிவிட்டுக் கயிற்றை அந்தப் பிள்ளையின் கையிலேயே விட்டுவிட்டோம்.

ஹிஃப்ளு முடித்தவனுக்கு முதல் ஆண்டுதான் கடினமானது. புதிய சபக் கிடையாது. ஓதியதையே திரும்பத் திரும்ப ஓதும் தவ்ர் மட்டுமே. அதில் புதுமையும் இல்லை, பாராட்டும் இல்லை. எவரேனும் ஒருவர் நாள்தோறும் எதிரே அமர்ந்து கேட்க வேண்டும். கேட்க வேண்டியவர் நாம். ஷவ்வாலில் நாம் அடுத்தடுத்த ஜும்ஆக்களுக்கான குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்தோம். முதல் ஜும்ஆ சரியாக அமையாததால் இரண்டாவதுக்கு இன்னும் அதிகமாக எழுதினோம். காக்கா மகனின் கதையைக் கேட்ட பிறகும்கூட எழுதினோம். கதை கேட்டவுடன் திருந்திவிடும் வயதை நாம் கடந்துவிட்டோம்.

துல்கஅதாவின் நடுவில் அவனுடைய உம்மா தொலைபேசியில் அழைத்தார். “ஹஜ்ரத், வீட்டுக்கு யாராவது விருந்தாளி வந்தால் பிள்ளை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். ஓதிக் காட்டு என்று சொல்லிவிடுவார்களாம். அடித்துக் கேட்டும் காரணம் சொல்ல மாட்டேன் என்கிறான்” என்றார்.

அஸருக்குப் பின் வரச் சொன்னோம். சூரத்துல் மாயிதாவின் நடுவிலிருந்து ஓதச் சொன்னோம். அவன் இரண்டு ஆயத்துகள் ஓதினான். மூன்றாவதில் வேறு சூராவுக்குள் போய்விட்டான். எடுத்துக்கொடுத்தோம். மீண்டும் போனான். அன்ஃபாலில் கேட்டோம், தொடக்கமே வரவில்லை. யாசீனும் கடைசி ஜுஸ்வும் மட்டும் முன்புபோலவே ஓடின.

“எப்போதிலிருந்து தம்பி?” என்று கேட்டோம்.

“ரமலானிலேயே கொஞ்சம் போயிருச்சு ஹஜ்ரத். பெருநாள் கழிச்சு ரெண்டு தடவை முஸ்ஹஃபோட வந்தேன். நீங்க எழுதிக்கிட்டிருந்தீங்க. நாளைக்குப் பார்ப்போம்னு சொன்னீங்க.”

நமக்கு அது நினைவில்லை. அவன் பொய் சொல்லும் பிள்ளை அல்லன். சுவரில் அந்தப் புகைப்படம் இருந்தது. அவன் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சூரத்துந் நஹ்லில் ஓர் உவமை வருகிறது. நூலை நன்றாக முறுக்கி நூற்று முடித்தபின் அதைத் தானே துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டுவிடும் பெண்ணைப்போல் ஆகிவிடாதீர்கள் என்னும் எச்சரிக்கை. ஒப்பந்தங்களை முறிப்பது பற்றிய இடம் அது என்பதை அறிவோம். ஆயினும் அன்றிரவு நமக்கு அந்தப் பெண்ணின் கைகள்தாம் கண்ணில் நின்றன. இரவில் நின்று வணங்கிவந்து பின்பு அதை விட்டுவிட்ட ஒருவரைச் சுட்டி, அவரைப்போல் ஆகிவிடாதே என்று அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதும் நினைவுக்கு வந்தது. குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படும் செயலே அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது என்று ஆயிஷா (ரலி) அறிவிப்பதை நம் மதரஸாச் சுவரிலேயே எழுதிவைத்திருக்கிறோம். வண்ணம் மங்கிவிட்டது என்று சென்ற ஆண்டு புதிதாகத் தீட்டவும் செய்தோம்.

ரமலான் முடிந்ததும் ஷவ்வாலில் ஆறு நோன்புகளை ஏன் வைத்தார்கள் என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. நன்மையின் கணக்கைச் சொல்லி விளக்குவோம்; முப்பதும் ஆறும் பத்து மடங்கானால் ஓராண்டு. கணக்கு சரியானதே. ஆனால் பெருநாள் முடிந்து, புத்தாடை மடித்து வைத்தபின், ஊரில் கஞ்சி காய்ச்சாத நாட்களில், தெருவே பகலில் உண்டுகொண்டிருக்கையில், தனியாக ஒருவர் நோன்பு வைப்பதில் வேறொரு பாடமும் இருக்கிறது. கூட்டம் கலைந்தபின் வரும் நோன்பு அது. ஒரு கடமையிலிருந்து ஓய்ந்ததும் அடுத்ததில் முனைந்து நில் என்னும் கருத்தோடு சூரத்துல் இன்ஷிராஹ் முடிவதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்கலாம்.

மறுநாள் சிறுவனின் வாப்பாவை நேரில் போய்ப் பார்த்தோம். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். தவறு பிள்ளையுடையது அன்று, கேட்க வேண்டிய நாம் கேட்கவில்லை என்று சொன்னோம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. தண்ணீர்க் குழாயை மூடிவிட்டு வந்து, “விழாக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன் ஹஜ்ரத்” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அவர் சொல்லவில்லை. அதனாலேயே அது நமக்குத் தாங்க முடியாததாக இருந்தது. பிறகு, “அவன் மறுபடியும் ஓதுவானா?” என்று கேட்டார். இன்ஷா அல்லாஹ் என்றோம். அந்தச் சொல்லை அவ்வளவு அச்சத்துடன் நாம் அதற்குமுன் சொன்னதில்லை.

அன்று முதல் சுபுஹு தொழுகைக்குப் பின் அவனும் நாமும் பள்ளியின் வடக்குத் திண்ணையில் அமர்கிறோம். பகராவின் முதற்பக்கத்திலிருந்து தொடங்கினோம். நாளொன்றுக்கு இரண்டே பக்கம். ஒரு ஜுஸ்வுக்குப் பத்து நாள். முதல் வாரம் அவன் குரலே எழும்பவில்லை. முன்பு ஓடிய இடத்தில் இப்போது தவழ்வது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். புதிதாக மனனம் செய்பவனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பெயருக்கு முன்னால் ஹாஃபிள் என்று போட்டுவிட்ட பிள்ளைக்குத்தான் அது.

புகைப்படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டோம். அவனிடம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஜும்ஆ பயானுக்கு இப்போது வியாழன் இரவு மட்டுமே குறிப்பெடுக்கிறோம். சில வாரங்கள் நன்றாக அமைகிறது, சில வாரங்கள் 16-ஆம் இடம், சில வாரங்கள் 55. தையற்கடைப் பெரியவர் நம் உடல்நலம் பற்றி மறுபடியும் கேட்கவில்லை. காக்கா மகன் பதிவு செய்வதை நிறுத்திக்கொண்டான். ஒரு விடியற்காலையில் மட்டும் சொல்லாமல் வந்து திண்ணையின் மறுகோடியில் சிறிது நேரம் அமர்ந்திருந்தான். கைபேசி சட்டைப்பையிலேயே இருந்தது.

முதல் மாதத்தில் ஒருநாள், பகராவில் மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடியால் பாறையை அடிக்கப் பன்னிரண்டு ஊற்றுகள் பீறிடும் இடத்தில் அவன் நின்றுவிட்டான். அதே நிகழ்ச்சி அஃராஃபிலும் வருகிறது. அங்கே ஊற்றுகள் பீறிட்டதைக் குறிக்கும் சொல் சற்றே வேறு. ஹாஃபிள்கள் பலர் தடுமாறும் இடம். அவன் முதலில் அஃராஃபின் சொல்லை ஓதினான், தவறென்று தானே உணர்ந்து நிறுத்தினான், கண்ணை மூடிக்கொண்டான். எடுத்துக்கொடுக்க நாவு துடித்தது. கொடுக்கவில்லை. மதில்மேல் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்து எழுந்து போயிற்று. வெகுநேரம் கழித்துப் பகராவின் சொல் அவன் வாயிலிருந்து வந்தது. நிறுத்தாமல் பக்கத்தின் இறுதிவரை ஓதினான்.

நேற்றோடு அன்ஆம் முடிந்தது. இன்று காலை அஃராஃபைத் தொடங்கியிருக்கிறோம். இரண்டு வாரத்துக்குள் அந்தப் பன்னிரண்டு ஊற்றுகள் மறுபடியும் வரும்.